தி ஹங்கர் கேம்ஸ் நாவலைப் பற்றி வாசகர்கள் ஏன் இவ்வளவு முரண்பட்ட கருத்து சொல்கிறார்கள்? 13 வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் முதலில் முதல் பாகத்தை மட்டும். மூன்று பாகங்களையும் சேர்த்து ஒரே பெட்டியாக வாங்கிக் கையில் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். கருத்துகள் ஏன் இப்படிப் பிளவுபடுகின்றன என்பதைப் பேச வேண்டுமென்றால் கதையின் முடிவு வரை தொட்டாக வேண்டும். கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கம். சுசான் காலின்ஸ் எழுதி 2008 செப்டம்பரில் வெளிவந்த நாவல். எதிர்கால வட அமெரிக்காவில் பனெம் என்றொரு நாடு. கேப்பிடல் என்ற தலைநகரம் 12 மாவட்டங்களை ஆள்கிறது. முன்பு நடந்த கிளர்ச்சிக்குத் தண்டனையாக ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குள் ஓர் ஆண் பிள்ளையையும் ஒரு பெண் பிள்ளையையும் குலுக்கலில் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அந்த 24 பேரையும் ஒரு களத்தில் விட்டு, ஒருவர் மிஞ்சும் வரை கொல்லவிட்டு, அதை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். நிலக்கரி வெட்டும் 12ஆம் மாவட்டத்தில் தங்கை ப்ரிம்மின் பெயர் வரவும், 16 வயது காட்னிஸ் அவளுக்குப் பதிலாகத் தானே போகிறாள்.

வாசகர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. நாவல் முழுவதும் காட்னிஸின் வாயிலாக, நிகழ்காலத்தில், தன்மையில் சொல்லப்படுகிறது. அவள் பார்க்காத எதையும் நாமும் பார்ப்பதில்லை. அவளோ பட்டினியில் சாவின் விளிம்பு வரை போய் வந்தவள். ஆளைப் பார்த்தாலும் இடத்தைப் பார்த்தாலும் முத்தத்தைப் பார்த்தாலும் அவளுக்குள் முதலில் ஓடுவது சாப்பாட்டுக் கணக்குதான். அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்து படித்தவர்களுக்கு நாவல் பிடித்துவிடுகிறது. சண்டைக் கதை என்றோ காதல் கதை என்றோ நினைத்துக் கையில் எடுத்தவர்களுக்கு ஏமாற்றம்.

முதல் அத்தியாயத்திலேயே அந்தக் கணக்கு வந்துவிடுகிறது. வேகமாகப் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 12 வயதில் குலுக்கலில் உங்கள் பெயர் ஒரு சீட்டு. 13இல் இரண்டு. இப்படியே ஏறி 18இல் ஏழு. எல்லோருக்கும் இது பொது. ஆனால் வீட்டில் சோற்றுக்கு வழியில்லை என்றால் உங்கள் பெயரைக் கூடுதலாக ஒரு தடவை எழுதிப் போட்டு ஒரு டெஸ்ஸரா வாங்கலாம். ஒரு டெஸ்ஸரா என்பது ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும், அதுவும் அரைவயிற்று அளவு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை டெஸ்ஸரா வாங்கலாம். இந்தச் சீட்டுகள் அடுத்த ஆண்டு அழிவதில்லை, சேர்ந்துகொண்டே போகும்.

இப்போது போட்டுப் பாருங்கள். காட்னிஸ் வீட்டில் அம்மா, தங்கை, அவள் என மூன்று பேர். ஆண்டுக்கு 1 கட்டாயச் சீட்டு, 3 டெஸ்ஸரா, ஆக 4. 12 வயதிலிருந்து 16 வரை ஐந்து ஆண்டு, மொத்தம் 20 சீட்டு. அவளுடன் வேட்டைக்கு வரும் கேலுக்கு வயது 18, வீட்டில் ஐந்து வயிறு. ஆண்டுக்கு 6 வீதம் ஏழு ஆண்டுக்கு 42 சீட்டு. மேயரின் மகள் மாட்ஜுக்கு டெஸ்ஸராவே தேவையில்லை, அதிகம் போனால் 5 சீட்டு. 12 வயதிலேயே என் பெயர் ஆறு தடவை இருந்தது என்று கேல் அவளிடம் சீறுவது இதனால்தான். ப்ரிம்முக்கு ஒரே ஒரு சீட்டு; அக்கா அவளை டெஸ்ஸரா வாங்க விடவே இல்லை. அந்த ஒற்றைச் சீட்டுதான் கையில் வருகிறது.

களத்துக்குப் போகும் முன்பே ஏழைப் பிள்ளையின் உயிர் ஓராண்டுத் தானியத்துக்கு விலைபேசப்பட்டுவிட்டது என்பதை ஆசிரியர் இந்த எண்களில் வைத்திருக்கிறார். காட்டுக்குள் யாருக்கும் கேட்காத தூரத்தில் கேல் இன்னொன்றும் சொல்கிறான்: மாவட்டத்துக்குள்ளேயே பட்டினி கிடப்பவனும் ராத்திரிச் சாப்பாடு நிச்சயமாக உள்ளவனும் ஒருவரையொருவர் வெறுக்க வேண்டும் என்பதற்காகத்தான் டெஸ்ஸரா. "இந்த நாவலில் அரசியல் ஆழமில்லை" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: அந்த முதல் அத்தியாயத்தை நிதானமாக இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து, தொடக்கம் இழுவை என்ற குறை. நாவலில் 27 அத்தியாயங்கள், ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதிகள். களத்தில் போட்டி தொடங்குவது 11ஆம் அத்தியாயத்தில்தான். புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரயில், அலங்காரம், பயிற்சி, பேட்டி என்றே போகிறது. சண்டைக்காகப் படிப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். ஆனால் பின்னால் உயிரைக் காப்பாற்றும் எல்லாமே இந்தப் பகுதியில்தான் வைக்கப்படுகிறது. களத்தில் இருப்பவர்களுக்குப் பரிசு அனுப்பும் புரவலர்களின் பணம் எப்படி வேலை செய்கிறது, பயிற்சியில் காட்னிஸ் வாங்கும் 12க்கு 11 மதிப்பெண் அவளை எப்படி எல்லோருக்கும் குறியாக்குகிறது, அவள் மாவட்டத்திலிருந்தே தேர்வான பையன் பீட்டா பேட்டியில் சொல்லும் காதல் எப்படிச் சந்தைச் சரக்காகிறது என்பதெல்லாம் இங்கேதான். ஒன்பதாம் அத்தியாயம் அந்தக் காதல் அறிவிப்பில் முடிகிறது, 18ஆம் அத்தியாயம், ஒரே மாவட்டத்து இருவரும் சேர்ந்து வெல்லலாம் என்ற விதி மாற்றத்தைக் கேட்டுக் காட்னிஸ் பீட்டாவின் பெயரைக் கத்துவதில் முடிகிறது. காலின்ஸ் தொலைக்காட்சிக்கு எழுதிப் பழகியவர். எங்கே வெட்ட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. ஒவ்வோர் அத்தியாயத்தையும் தொங்கலில் விடுவது மலிவான உத்தி என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. நான்கைந்து இடங்களில் அந்தத் தொங்கல் அடுத்த பக்கத்திலேயே உப்புச்சப்பில்லாமல் தீர்ந்துவிடுகிறது.

களத்தில் உயிர் பிழைக்கும் விவரங்கள் நம்பும்படி இருக்கின்றனவா? பெரும்பாலும் ஆம் என்பேன். காட்னிஸ் முதல் நாள் கைப்பற்றும் ஆரஞ்சு நிறப் பையில் இருப்பவை இவை: உடல் சூட்டைத் தக்கவைக்கும் மெல்லிய தூக்கப்பை, ஒரு பொட்டலம் பிஸ்கட், உலர்ந்த மாட்டிறைச்சி, தண்ணீரிலுள்ள கிருமியைக் கொல்ல ஒரு புட்டி அயோடின், தீப்பெட்டி, கொஞ்சம் கம்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி, கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் கொள்ளும் காலித் தண்ணீர்ப் புட்டி. எல்லாம் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. அயோடின் கையில் இருக்கும்போதே நா வறண்டு சாகப் போகிறாள். இதை வாசகர்கள் "கதைக்காகச் செய்தது" என்கிறார்கள். நிஜத்திலும் காட்டில் வழிதவறியவரைப் பசிக்கு முன்பே நீரிழப்பு வீழ்த்திவிடும். அம்பு வில் இல்லாமல் சில நாள் தள்ளலாம், தண்ணீர் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு தாங்காது.

குளத்தைக் கண்டுபிடித்த பிறகும் அவள் உடனே குடிப்பதில்லை. அயோடின் சொட்டுகளை விட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறாள். இது சரியான முறை. 2 சதவீத அயோடின் டிங்சர் என்றால் தெளிந்த நீரில் லிட்டருக்கு 5 சொட்டு, கலங்கிய நீரில் 10 சொட்டு, குறைந்தது 30 நிமிடம். நாவல் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அயோடினுக்குச் சாகாத கிருமிகள் இருக்கின்றன, கிரிப்டோஸ்போரிடியம் அவற்றில் ஒன்று. தைராய்டு சிக்கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த முறையைத் தவிர்க்க வேண்டும். மலையேற்றம் போகும் பிள்ளைகள் இந்த நாவலைப் படித்துவிட்டு அயோடின் போதும் என்று கிளம்பினால், கொதிக்க வைப்பதே மேல் என்று சொல்லி அனுப்புங்கள்.

கடைசிக் காட்சியில் பீட்டாவின் காலில் கட்டும் இறுக்குக் கட்டும் அப்படித்தான். துணியைச் சுற்றி, அம்பைச் செருகி முறுக்கி இறுக்குகிறாள். ரத்தம் நிற்கிறது, ஆனால் ராத்திரி முழுக்க அந்தக் கட்டு இருக்கிறது. பல மணி நேரம் ரத்த ஓட்டம் இல்லாத கால் பிழைப்பது அரிது. நாவலில் பீட்டா காலை இழக்கிறான், செயற்கைக் கால் பொருத்துகிறார்கள். திரைப்படத்தில் கால் அப்படியே இருக்கிறது. படம் மட்டும் பார்த்தவர்கள் "இதில் யாருக்கும் நிரந்தர இழப்பே இல்லை" என்று எழுதுவது இதனால்தான். காட்னிஸுக்கும் வெடிப்பில் இடது காது கேட்காமல் போகிறது. பிறகு கேப்பிடல் மருத்துவர்கள் சரிசெய்கிறார்கள்.

2012இல் வந்த அந்தப் படம் நாவலைப் பற்றிய கருத்தையே பல வகையில் மாற்றிவிட்டது. மிகப் பெரிய மாற்றம் காதல். நாவலில் வானத்திலிருந்து வெள்ளிப் பாராசூட்டில் இறங்கும் பரிசுகளோடு கடிதம் எதுவும் வராது. பயிற்றுநர் ஹேமிட்ச் என்ன சொல்ல வருகிறார் என்பதைப் பொருளை வைத்தே அவள் ஊகிக்க வேண்டும். குகையில் பீட்டாவை முத்தமிட்டதும் ஒரு பானை சூப் இறங்குகிறது. உடனே அவளுக்குப் புரிகிறது: ஒரு முத்தம், ஒரு பானை சூப். தாகத்தில் கிடந்தபோது அவர் தண்ணீர் அனுப்பவில்லை. அப்படியென்றால் தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கிறது என்று கண்டுகொள்கிறாள். படத்தில் துண்டுச் சீட்டு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வாசகியின் வேலை போய்விட்டது, கூடவே காட்னிஸின் மூளையும் மறைந்துவிட்டது.

"காதல் முக்கோணம் சலிப்பூட்டுகிறது" என்ற குறை முதல் பாகத்துக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். கேல் வருவதே ஆரம்ப அத்தியாயங்களில்தான். பிறகு அவள் நினைவில் வந்து போகிறான், அவ்வளவே. குகை அத்தியாயங்கள், 19 முதல் 23 வரை, வேகம் குறைவுதான். அங்கே நடப்பதைக் காதலாகப் படித்தால் அலுக்கும். எதுவரை நடிப்பு, எங்கிருந்து உண்மை என்று அவளுக்கே தெரியாமல் போகும் இடமாகப் படித்தால் பதற்றம் கூடும். நாவல் முடிவதும் அதில்தான். ஊர் திரும்பும் ரயிலில், அவள் செய்ததில் எவ்வளவு நடிப்பு என்று பீட்டாவுக்குத் தெரிந்துபோகிறது. இருவரும் கேமராக்களுக்காக மறுபடி கைகோத்துக்கொள்கிறார்கள்.

நெருங்கிப் பார்க்க வேண்டிய இடமாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் ரொட்டியைச் சொல்வேன். விவசாய மாவட்டமான 11இலிருந்து வந்த 12 வயது ரூ இறந்த பிறகு, அவள் உடலைக் காட்னிஸ் பூக்களால் அலங்கரிக்கிறாள். படம் இங்கே 11ஆம் மாவட்டத்தில் கலவரம் வெடிப்பதைக் காட்டுகிறது. நாவலில் கலவரம் கிடையாது, அவளால் அதைப் பார்க்க முடியாது. அவளுக்கு வருவது ஒரு ரொட்டி. பிறை வடிவம், மேலே விதைகள் தூவியது, டெஸ்ஸரா தானியத்தில் செய்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி ரொட்டி உண்டு என்று பயிற்சிக் காலத்தில் ரொட்டிக் கடைக்காரர் மகன் பீட்டா காட்டிக் கொடுத்திருந்ததால்தான் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிகிறது. பட்டினி கிடக்கும் ஜனங்கள் காசு சேர்த்து ரூவுக்காக வாங்கியிருப்பார்கள், அவள் போய்விட்டதால் எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறாள். ஒரு மாவட்டம் தன் பிள்ளை அல்லாத ஒருவருக்குப் பரிசு அனுப்புவது அதுவே முதல் முறை. முதல் அத்தியாயத்துத் தானியக் கணக்கு மனதில் இருந்தால்தான் அந்த ரொட்டியின் விலை தெரியும்.

ரூ பற்றியே இன்னொரு சர்ச்சை. படம் வந்தபோது, அந்தப் பாத்திரத்தில் கறுப்பினச் சிறுமி நடித்ததற்குச் சில வாசகர்கள் சமூக ஊடகங்களில் கோபப்பட்டார்கள். நாவலோ ரூவை அறிமுகப்படுத்தும்போதே ஆழ்ந்த பழுப்புத் தோல், பழுப்புக் கண்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. அதே மூச்சில், மற்றபடி உருவத்திலும் நடையிலும் ப்ரிம்மைப் போலவே இருக்கிறாள் என்கிறது. பலர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டார்கள். பொன்னிறக் கூந்தல் ப்ரிம்மையே ரூவாகக் கற்பனை செய்துகொண்டார்கள். அரை வரியைக் கவனிக்காததால் ஒரு பாத்திரம் முழுவதையும் தவறாகப் படிக்க முடியும் என்பதற்கு இது வருத்தம் தரும் உதாரணம்.

ஜப்பானிய நாவலான பேட்டில் ராயலின் நகல் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை ஓயவில்லை. கௌஷுன் டகாமி எழுதி 1999இல் வந்தது. தன் நாவலை எழுதி முடித்துக் கொடுக்கும் வரை அதைப் பற்றித் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று காலின்ஸ் பேட்டியில் சொல்லியிருக்கிறார். தீசியஸ் மினோட்டார் என்ற கிரேக்கப் புராணத்தையும், தொலைக்காட்சியில் ரியாலிட்டி போட்டிக்கும் ஈராக் போர்ச் செய்திக்கும் இடையே மாற்றி மாற்றிப் பார்த்த இரவையும் தன் மூலமாகக் குறிப்பிடுகிறார். யார் சொல்வது உண்மை என்று வாதாடுவதை விட இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது பயன் தரும். ஜப்பானிய நாவலில் ஒரே வகுப்பின் 42 மாணவர்கள். ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்தவர்கள். கதை ஒவ்வொருவர் பக்கமும் மாறி மாறிப் போகிறது, சாகும் ஒவ்வொருவருக்கும் பெயரும் வாழ்க்கையும் இருக்கிறது. காலின்ஸின் நாவலில் பலருக்குப் பெயரே இல்லை. முதல் நாளில் இறக்கும் 11 பேரில் பெரும்பாலோர் நமக்கு முகமில்லாதவர்கள். இது குறைதான். ஆனால் காட்னிஸ் வேண்டுமென்றே பெயர் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறாள் என்பதையும் கவனியுங்கள். பழகினால் கொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

எனக்கே உடன்பாடான குறைகள் இரண்டு. ஒன்று, பனெமின் பொருளாதாரம். 12ஆம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 8,000. அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டுக்கே நிலக்கரி வெட்டுவது எப்படி? சத்தமில்லாமல் பறக்கும் ஊர்தி செய்யத் தெரிந்த கேப்பிடலுக்குக் கைக்கோடாரி வைத்து வெட்டும் நிலக்கரி எதற்கு? நாவலில் பதில் இல்லை. இரண்டு, இறுதியில் வரும் மரபணு மாற்றிய ஓநாய்கள். இறந்த போட்டியாளர்களின் கண்களோடு அவை வருகின்றன. அவை உண்மையிலேயே அவர்களின் கண்களா என்று யாரும் விளக்குவதில்லை. அதுவரை தண்ணீர், கிழங்கு, கண்ணி, காயம் என்று உடம்போடு ஒட்டி நடந்த கதை அங்கே திடீரென்று பேய்க் கதையாகிவிடுகிறது. படம் கண்களை எடுத்துவிட்டது. அந்த ஒரு மாற்றம் நல்ல முடிவு. திகில் கதை எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங் 2008இல் எழுதிய மதிப்புரையில் இந்த நாவலுக்கு 'பி' தரம் கொடுத்து, ஆசிரியர் சில இடங்களில் சோம்பல் காட்டியிருக்கிறார் என்று குறைபட்டார். இதே வகைக் கதைகளை எழுதியவர் அவர் என்பதால் அந்த விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது.

இனி உங்கள் பிள்ளைக்கு. மொழி தடையாக இருக்காது. ஆங்கில வாசிப்பு அளவுகோலான லெக்சைலில் 810. வாக்கியங்கள் குட்டையானவை. தமிழ் வழியில் படித்து ஆங்கில நாவலுக்கு முதன்முறையாக வரும் பிள்ளையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். முதல் மூன்று அத்தியாயங்களில் வரும் புனைவுச் சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு ஓடிவிடும். உள்ளடக்கம்தான் கேள்வி. அமெரிக்க நூலகச் சங்கத்தின், அதிக எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்களின் பட்டியலில் இத்தொடர் 2010, 2011, 2013இல் இடம்பெற்றது. வன்முறை ஒரு காரணம். பாலியல் வெளிப்படை என்றும் எழுதினார்கள், முதல் பாகத்தில் முத்தத்தைத் தாண்டி எதுவும் இல்லை. வன்முறை இருக்கிறது. கடினமானவை மூன்று இடங்கள்: 14ஆம் அத்தியாயத்தில் குளவிக் கூட்டால் இறக்கும் பெண்ணின் உடல், 18இல் ரூவின் சாவு, 25இல் கேட்டோ என்ற போட்டியாளன் இரவெல்லாம் சாகாமல் துடிப்பது. பெற்றோர் இந்த மூன்றையும் முதலில் படித்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டில் அண்மையில் இழப்பைச் சந்தித்த பிள்ளை என்றால் இன்னும் ஓராண்டு தள்ளிப்போடலாம். அப்பாவின் மரணமும், அதன் பிறகு அம்மா பேச்சு மூச்சில்லாமல் ஒடுங்கிப்போவதும் இதில் மிக நெருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன.

2009இல் வந்த இரண்டாம் பாகத்தையும் 13 வயதில் கொடுக்கலாம். 2010இல் வந்த மூன்றாம் பாகம் வேறு கதை. சித்திரவதை, நினைவைத் திரித்துக் கெடுப்பது, வென்ற போட்டியாளர்களைக் கேப்பிடல் பாலியல் தொழிலுக்கு விற்றது, குழந்தைகள் மீது குண்டு வீச்சு, இவையெல்லாம் அதில்தான் வருகின்றன. 15 வயதாகட்டும். பிறகு எழுதப்பட்ட முன்கதைகள் இரண்டு, 2020இலும் 2025இலும் வந்தவை, முறையே 10ஆம், 50ஆம் போட்டிகளைச் சொல்கின்றன. காலவரிசைப்படி அவற்றை முதலில் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். 50ஆம் போட்டியில் வெல்லும் சிறுவன் பின்னாளில் குடித்துவிட்டு மேடையிலிருந்து விழும் ஹேமிட்ச் ஆகப் போகிறான் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் புத்தகம் வேலை செய்யும். வெளிவந்த வரிசையிலேயே படிக்கட்டும்.